2147483647 பகா எண்தானா? என் நிரல் ஆமாம் என்கிறது, நம்பலாமா?

நள்ளிரவு_நிரலன்
வணக்கம். நேற்று ஒரு நிரலில் எண்ணிக்கை திடீரென்று மைனஸில் போய் நின்றது. தேடினால் பழைய கதைதான், 32 பிட் இன்ட் (முழு எண் வகை) 2147483647 வரைதான் தாங்கும், அதோடு ஒன்றைக் கூட்டியதும் −2147483648 ஆகிவிட்டது. அதைச் சரிசெய்துவிட்டேன். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இது பகா எண்ணாக இருக்குமோ என்று தோன்றியது. ஃபெர்மா சோதனையை 2-ஐ வைத்துப் போட்டேன், அதாவது 2-ஐ 2147483646 அடுக்குக்கு உயர்த்தி 2147483647-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று. வந்தது. எனவே பகா எண் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எனக்கு இரண்டு சந்தேகம். இன்ட்டின் எல்லை பகா எண்ணாக இருக்கட்டும் என்று யாராவது வேண்டுமென்றே வைத்தார்களா? அப்புறம், கணித மேதை ஆய்லர் இதைக் கையால் கணக்குப் போட்டு 1772-லேயே நிரூபித்துவிட்டார் என்று படித்தேன். 214 கோடிச் சொச்சத்தைக் கையால் வகுத்தாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

மீதி_ஒன்று
விடை சரி, வழி தப்பு. நீங்கள் போட்ட சோதனை இந்த எண்ணைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. அதே நிரலில் 2047-ஐப் போட்டுப் பாருங்கள்.

நள்ளிரவு_நிரலன்
போட்டேன். "பகா எண்" என்கிறது. 2047 = 23 × 89 என்று இப்போதுதான் பார்க்கிறேன். மானம் போச்சு.

மீதி_ஒன்று
மானம் போக ஒன்றும் இல்லை, எல்லாரும் ஒருமுறை விழுகிற பள்ளம்தான். காரணம் எளிது. 2047 என்பது 2^11 − 1. ஆகவே 2047-ஆல் வகுத்தால் 2^11 எப்போதும் மீதி 1 தரும், அதைத் திரும்பத் திரும்பப் பெருக்கினாலும் 1 தான். 2046 = 11 × 186. அப்படியானால் 2^2046 என்பது 1-ஐ 186 முறை பெருக்கியது மாதிரி. எண் பகா எண்ணோ இல்லையோ விடை 1 வந்தே தீரும்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் 2^அடுக்கு − 1 என்ற வடிவ எண்கள் எல்லாமே இப்படி 2-ஐ ஏமாற்றும். திருடனிடமே சாட்சி கேட்ட கதை. 3-ஐ வைத்துப் போடுங்கள், 2047 உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் 3-இலும் 5-இலும் தேறினால் கூட அது பலமான சந்தேகம் மட்டுமே, நிரூபணம் இல்லை. உங்கள் எண்ணுக்கு நிரூபணம் வேண்டுமென்றால் பேசாமல் வகுத்துப் பாருங்கள். வர்க்கமூலம் 46340.95, எனவே 46340 வரை உள்ள பகா எண்கள் போதும், ஏறக்குறைய 4,800 இருக்கும். கணினிக்குக் கண் சிமிட்டும் நேரம்.

நள்ளிரவு_நிரலன்
கணினிக்குச் சரி. ஆய்லருக்கு 4,800 வகுத்தல் என்பது சின்ன வேலையா?

பழைய_கணக்கு_வாத்தியார்
தம்பி, ஆய்லர் 4,800 முறை வகுக்கவில்லை. எண்பது சொச்சம் வகுத்தல்தான் தேவைப்பட்டது. மற்றதை எல்லாம் வகுக்காமலே தள்ளிவிட்டார். அதைத்தான் இங்கே பார்க்க வேண்டும், எனவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2^31 − 1-ஐ ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு "க" என்று பெயர். க-வால் வகுத்தால் 2^31-க்கு மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் க-வால் வகுத்த மீதியை மட்டும் எழுதுங்கள். 31ஆவது இடத்தில் 1 வருகிறது, அப்புறம் அதே வரிசை மறுபடி ஆரம்பிக்கிறது. 31-க்கு முன்னாலேயே ஒரு 1 வந்திருக்குமா? வந்திருந்தால் அந்தச் சுற்றின் நீளம் 31-ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும். 31 பகா எண், அதை 1-உம் 31-உம் மட்டுமே வகுக்கும். நீளம் 1 என்றால் 2-க்கே மீதி 1 என்று ஆகும், அது நடக்காது. ஆகச் சுற்றின் நீளம் சரியாக 31.

மறுபக்கம் ஃபெர்மா சொல்வது, 2-ஐ (க − 1) அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. அப்படியென்றால் க − 1 என்பது 31-இன் மடங்கு. க ஒற்றைப்படை என்பதால் க − 1 இரட்டைப்படையும் கூட. இரண்டும் சேர்ந்தால் க − 1 என்பது 62-இன் மடங்கு. 3, 5, 7, 11, 13 எல்லாம் வகுத்துப் பார்க்காமலே வெளியே போயாயிற்று.

இதை வேறு எண்ணில் சரிபார்க்க வேண்டுமென்றால் 2^29 − 1-ஐ எடுங்கள். அது 233 × 1103 × 2089. அங்கே 58-இன் மடங்கோடு 1 வர வேண்டும். 233 = 58 × 4 + 1, 1103 = 58 × 19 + 1, 2089 = 58 × 36 + 1. மூன்றும் வரிசையில் வந்து நிற்கின்றன.

சும்மா_கேட்கிறேன்
வாத்தியாரே, 46340 வரை 62-இன் மடங்கோடு ஒன்று என்றால் 747 எண்கள் வருகிறதே. எண்பது எப்படி?

பழைய_கணக்கு_வாத்தியார்
நல்ல கேள்வி, பாதியில் நிறுத்திவிட்டேன். இன்னொரு சல்லடை இருக்கிறது. 2^31-க்கு மீதி 1 என்றால் 2^32-க்கு மீதி 2. ஆனால் 2^32 என்பது 2^16-இன் வர்க்கம். அதாவது க-வின் உலகத்தில் 2 ஒரு முழு வர்க்கம்! எந்தப் பகா எண்களுக்கு அப்படி நடக்கும் என்பது தெரிந்த விஷயம். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் ஒற்றைப்படைப் பகா எண்களுக்கு மட்டும்தான். (இதன் நிரூபணத்தை இங்கே எழுதினால் இழை நாளைக்கும் முடியாது.)

62-இன் நிபந்தனையையும் 8-இன் நிபந்தனையையும் சேர்த்துப் பார்த்தால் க என்பது 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும், இல்லையென்றால் 63 தர வேண்டும். 46340 வரை அப்படி 373 எண்கள். அவற்றில் பகு எண்களை அடித்துவிட்டால் எண்பது சொச்சம் மிஞ்சும். ஆரம்பத்தைப் பாருங்கள்: 63-உம் 249-உம் மூன்றால் போகும், 311 பகா எண், 497 ஏழால் போகும், 559 = 13 × 43, 745 ஐந்தால், 807 மூன்றால், 993 மூன்றால், 1055 ஐந்தால், 1241 = 17 × 73, அப்புறம் 1303, 1489. 1500 வரைக்கும் மொத்தமே மூன்று பேர்தான். 3000 வரை போனாலும் ஆறு.

சும்மா_கேட்கிறேன்
மூன்றுதான் என்றால் நானே கையால் போடுகிறேன். தாள் எடுத்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

கோட்_கொத்தனார்
முதல் கேள்விக்கு வருகிறேன். வேண்டுமென்றே யாரும் வைக்கவில்லை. ஒரு பிட் கூட்டல்-கழித்தல் குறிக்குப் போனால் மிச்சம் 31 பிட், அத்தனையும் 1 என்றால் 2^31 − 1, அவ்வளவுதான். 8 பிட்டில் எல்லை 127, அதுவும் பகா எண். 16 பிட்டில் 32767 = 7 × 31 × 151, பகா எண் இல்லை. 64 பிட்டில் 2^63 − 1, அதை 7-ஆல் இரண்டு முறை வகுக்கலாம். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் இந்த வடிவம் எப்போதும் பகு எண்தான், 15-உம் 63-உம் அதனால்தான் விழுந்தன. 7-உம் 31-உம் தப்பித்தன. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது, 11-உம் 29-உம் மேலேயே மாட்டிவிட்டன.

அதனால் 2038 ஜனவரி 19, உலகப் பொது நேரப்படி 03:14:07-க்கு நொடிகளை 32 பிட்டில் எண்ணும் கடிகாரங்கள் இந்த எண்ணைத் தொட்டுத் திரும்பப் போவதற்கும், 2014-இல் யூடியூபில் ஒரு காணொளியின் பார்வைக் கணக்கு இந்த எல்லையைத் தாண்டியதற்கும், அது பகா எண் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் தற்செயலாகக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. பழைய நிரல்களில் 16807, 127773, 2836 என்ற எண்களைப் பார்த்திருக்கிறீர்களா?

நள்ளிரவு_நிரலன்
பார்த்திருக்கிறேன்! எங்கள் குழுவில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது, "தொட்டால் உடையும்" என்று மேலே ஒரு கருத்து வரி மட்டும் இருக்கும்.

கோட்_கொத்தனார்
அது சமவாய்ப்பு எண் உருவாக்கி. கணித அறிஞர் லெமரின் யோசனை, 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தார்கள். சி++ மொழியோடு கூடவே வரும் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. வேலை ஒரே வரி: கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதிதான் அடுத்த எண். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். பத்தாயிரமாவது அடியில் 1043618065 வர வேண்டும், வரவில்லையென்றால் உங்கள் நிரலில் தப்பு.

பகா எண் இங்கேதான் உதவுகிறது. வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தால், சரியான பெருக்கியை எடுத்தால், 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணும் தலா ஒருமுறை வந்த பிறகுதான் சுற்று திரும்பும். ஒன்றுகூட விடுபடாது. "சரியான பெருக்கி" எது என்று பார்க்க 2147483646-ஐக் காரணிப்படுத்த வேண்டும்: 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. இந்த எண்ணுக்கு முழுச் சுற்றையும் தரும் மிகச் சிறிய பெருக்கி 7. ஆனால் 7 ரொம்பச் சின்னது, சின்ன எண்ணுக்கு அடுத்தும் சின்ன எண்ணே வரும். அதனால் 7-இன் ஐந்தாம் அடுக்கு, 16807. ஏன் ஐந்து? மேலே உள்ள காரணிப் பட்டியலில் 5 இல்லை, எனவே ஐந்தாம் அடுக்கும் முழுச் சுற்றைத் தரும். இரண்டாம் அடுக்கையோ மூன்றாம் அடுக்கையோ எடுத்திருந்தால் சுற்று பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருங்கியிருக்கும்.

127773-உம் 2836-உம் வேறு ஒன்றுமில்லை, 2147483647-ஐ 16807-ஆல் வகுத்தால் ஈவு 127773, மீதி 2836. இதை வைத்துப் பெருக்கலை உடைத்துச் செய்தால் நடுவில் எண் 32 பிட்டை விட்டு வெளியே வழியாது. உங்கள் குழுவில் சொல்லிவிடுங்கள், தொட்டால் உடையாது.

மீதி_ஒன்று
இதில் ஒரு வேடிக்கை, பெருக்கியாக 2-ஐ எடுத்திருந்தால் 31 அடியிலேயே கதை முடிந்துவிடும். 2^31-க்கு மீதி 1 ஆயிற்றே. 214 கோடி இடமுள்ள வட்டத்தில் 31 இடத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வரும்.

அந்தக் குறையே இன்னொரு இடத்தில் வரம். 9-ஆல் வகுத்த மீதிக்கு இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே வித்தை இங்கே பைனரியில் நடக்கும். பெரிய எண்ணை வலமிருந்து 31 பிட் 31 பிட்டாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் போதும், வகுத்தலே வேண்டாம். பைதான் மொழியில் முழு எண்களுக்கு ஹாஷ் (தேடலுக்கான சுருக்க எண்) கணக்கிடும் இடத்திலும் இந்த வகைப் பகா எண்தான், 32 பிட் கணினியில் 2^31 − 1, 64 பிட்டில் 2^61 − 1. 64 பிட்டில் 2^61 − 1-இன் ஹாஷைக் கேட்டால் 0 என்று வரும்.

சும்மா_கேட்கிறேன்
311: மீதி 35. 1303: மீதி 226. ஆனால் 1489 மீதியே இல்லாமல் போகிறது! ஈவு 1442232. ஆய்லர் தோற்றார், இழையை மூடுங்கள்.

பழைய_கணக்கு_வாத்தியார்
மூட வேண்டாம். உங்கள் ஈவு 2-இல் முடிகிறது, இரட்டைப்படை. இரட்டைப்படையால் எதைப் பெருக்கினாலும் 7-இல் முடியும் எண் எங்கிருந்து வரும்? கடைசிக் கழித்தலைப் பாருங்கள். 1489 × 1442232 = 2147483448. இன்னும் 199 மீதி இருக்கிறது.

சும்மா_கேட்கிறேன்
ஆமாம், 199-ஐத்தான் விழுங்கிவிட்டேன். ஆய்லரிடம் மன்னிப்பு.

ஏட்டுச்சுரைக்காய்
வரலாற்றுப் பக்கம் ஒன்று. ஆய்லருக்கு முன்னால் 1588-இல் கட்டால்டி 17, 19 ஆகிய அடுக்குகள் பகா எண் தரும் என்று சரியாக நிரூபித்தார். அந்தத் தைரியத்தில் 23, 29, 31, 37 எல்லாமே பகா எண் தரும் என்று சொல்லிவைத்தார், நான்கில் 31 மட்டும் பலித்தது. 1644-இல் மெர்சென், பகா எண் தரும் அடுக்குகள் என்று 257 வரை ஒரு பட்டியல் போட்டார். அதில் 67-உம் 257-உம் தப்பு, 61, 89, 107 விடுபட்டுவிட்டன. 67 தப்பு என்பதற்குக் காரணிகளை 1903-இல் கோல் காட்டினார்: 193707721 × 761838257287. இவ்வளவு தப்புப் பட்டியலுக்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டு இன்றுவரை மெர்சென் பகா எண்கள் என்கிறோம், அதிர்ஷ்டம்தான்.

இன்னொன்று. இந்தப் பகா எண்ணை 2^30-ஆல் பெருக்கினால் 2305843008139952128, அது ஒரு நிறைவெண், தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும். 1811-இல் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத வேடிக்கைக்காக யார் மெனக்கெடுவார்கள் என்று எழுதிவைத்தார். 1876-இல் லூகாஸ் 2^127 − 1 பகா எண் என்று காட்டினார், 39 இலக்கம். 2024-இல் கிடைத்தது 2^136279841 − 1, அதற்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள்.

நள்ளிரவு_நிரலன்
அதையெல்லாம் 248 மாதிரி சல்லடை போட்டு வகுத்திருக்க முடியாதே?

மீதி_ஒன்று
முடியாது. அங்கே லூகாஸ்-லெமர் சோதனை, வகுக்கவே வேண்டாம். 4-இல் தொடங்கு, வர்க்கம் எடு, 2-ஐக் கழி, எண்ணால் வகுத்த மீதியை வைத்துக்கொள், திரும்பச் செய். அடுக்கில் இரண்டு குறைத்தால் எத்தனையோ அத்தனை அடி. கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை, நடுவில் "அநேகமாக" என்ற பேச்சே கிடையாது. 127-க்குப் போட்டுக் காட்டுகிறேன், அடுக்கு 7, எனவே 5 அடி: 4, 14, 67, 42, 111, 0. உங்கள் எண்ணுக்கு 29 அடி. ஆய்லரின் எண்பதைவிடக் குறைவு, ஆனால் ஒவ்வொரு அடியிலும் பத்து இலக்க எண்ணை வர்க்கம் எடுக்க வேண்டும், கையால் என்றால் நான் ஆய்லர் பக்கம்தான்.

நள்ளிரவு_நிரலன்
29 அடி ஓட்டினேன், 0 வந்தது. இந்தத் தடவை நிஜமான நிரூபணம், சரிதானே? கடைசியாக ஒன்று. 5 பகா எண், 2^5 − 1 = 31 பகா எண், 2^31 − 1 பகா எண். அப்படியே அடுத்த படி, 2^2147483647 − 1?

மீதி_ஒன்று
சரிதான். அடுத்த படி உடைந்துவிட்டது. அந்த எண்ணுக்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள், கையால் எழுதி மாளாது, ஆனாலும் அதன் ஒரு காரணி தெரியும்: 295257526626031. வாத்தியார் சொன்ன சல்லடையை இதிலும் வைத்துப் பாருங்கள். 1-ஐக் கழித்து 2 × 2147483647-ஆல் வகுத்தால் சரியாக 68745. 8-ஆல் வகுத்தால் மீதி 7. இரண்டு நிபந்தனையும் தேறுகிறது. உங்கள் பழைய நிரலிலேயே 2-ஐ 2147483647 அடுக்குக்கு உயர்த்தி இந்தக் காரணியால் வகுத்த மீதியைக் கேளுங்கள்.

2, 3, 7, 127 என்று போகும் இன்னொரு சங்கிலி இருக்கிறது. அது 2^127 − 1 வரை உடையாமல் வந்திருக்கிறது. அதற்கு அடுத்த படி பகா எண்ணா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நள்ளிரவு_நிரலன்
மீதி 1. 64 கோடி இலக்க எண் ஒன்று வகுபடுகிறது என்று என் மடிக்கணினி ஒரு நொடிகூட எடுக்காமல் சொல்லிவிட்டது. 2-ஐ வைத்து நான் முதலில் போட்ட அதே வரிதான், இடத்தை மாற்றிப் போட்டதும் உண்மை பேசுகிறது.

சும்மா_கேட்கிறேன்
2543: மீதி 1523. 2729: மீதி 799. ஈவு இரட்டைப்படையா என்று இப்போது முதலிலேயே பார்த்துவிடுகிறேன் வாத்தியாரே. இன்னும் எழுபது சொச்சம் பாக்கி.